பாவசங்கீர்த்தனம் கணக்குத் தீர்க்கும் இடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டால், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தை வைத்துக் கத்தோலிக்கரைப் பற்றி ஒரு கிண்டல் தவறாமல் காதில் விழும்: "ஆறு நாள் செய்வதையெல்லாம் செய்துவிட்டு, ஏழாம் நாள் ஃபாதரிடம் போய் ஓதினால் கணக்கு நேராகிவிடும்." வெளியில் இருப்பவர்கள் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். வாரம் தவறாமல் பூசைக்கு வருகிறவர்களில் பலரும் உள்ளூர அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கோளாறு வரிசையில் இருக்கிறது. நான் முதலில் என் பாவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அழ வேண்டும், அதைப் பார்த்து இரங்கிக் கடவுள் மன்னிப்பார் என்று எண்ணுகிறோம். திருச்சபை போதிப்பது இதற்கு நேர் எதிர்: கடவுளின் அருள்தான் முதலில் வருகிறது. நரகத்துக்குப் பயந்து வருகிற அரைகுறை மனஸ்தாபம்கூட (பாவத்துக்காக வருந்துவதைத்தான் மனஸ்தாபம் என்கிறோம்) இறைவனின் கொடை, தூய ஆவியின் தூண்டுதல் என்று ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1551இல் எழுதி வைத்தது. லூக்கா நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில், இயேசு சொன்னபடி போட்ட வலை மீன்பாட்டால் கிழியத் தொடங்கிய பிறகுதான் பேதுரு தன்னைப் பாவி என்கிறார். அதே நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் உவமையில், தகப்பனின் சொத்தில் தன் பங்கை வாங்கி அழித்துவிட்ட இளைய மகன் மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு புறப்படுகிறான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். கடைசி வாக்கியத்தை, 'என்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும்' என்பதை, அவன் சொல்லவே இல்லை.

மனசாட்சியைச் சோதித்துப் பார்க்கும் ஆன்ம சோதனையைத் தினமும் செய்வதற்கு, இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஐந்து படிகளும் இந்த வரிசையில்தான் போகின்றன. பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பாவங்களை அறிந்து அவற்றை விலக்க அருள் வேண்டுதல், அதன் பிறகே நாளை மணிமணியாகத் திருப்பிப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்தத் தீர்மானித்தல். நம்மவர்கள் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேரே மூன்றாவதற்குப் போய்விடுகிறார்கள். விளைவு இரண்டில் ஒன்று. 'நான் என்ன பெரிய பாவம் செய்துவிட்டேன்' என்று கைவிரிப்பார்கள், அல்லது 'எனக்கு மீட்பே இல்லை' என்று இடிந்துபோவார்கள். கால் மணி நேரம் ஒதுக்கினால் அதில் ஐந்து நிமிடமாவது நன்றிக்குப் போகட்டும்.

எதைச் சோதிப்பது? பத்துக் கட்டளையை மட்டும் மேலோட்டமாக ஓட்டினால் கொலை இல்லை, களவு இல்லை என்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பூசைத் தொடக்கத்தில் சிந்தனை, சொல், செயல், கடமையில் தவறியது என நான்கைச் சொல்லி மார்பில் தட்டிக்கொள்கிறோமே, அந்த நான்காவதில்தான் சரக்கு அதிகம். புராட்டஸ்தாந்து சபைகளின் முன்னோடி லூத்தர் தம் சிறிய ஞானோபதேசத்தில் சொன்ன வழி கத்தோலிக்கருக்கும் உதவும் (குருவிடம் தனியாகப் பாவ அறிக்கை செய்வதை அவர் ஒழிக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது): நீ தகப்பனா, தாயா, மகனா, எஜமானனா, வேலைக்காரனா, உன் நிலையை வைத்துக் கட்டளைகளைப் பார். கடை முதலாளி சம்பளத்தை இழுத்தடித்தாரா? அண்ணன் தங்கையின் பங்குக்கு விடுதலைப் பத்திரத்தில் மிரட்டிக் கையெழுத்து வாங்கினாரா? கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி பிரித்து வைத்திருக்கும் ஊர்களில், அது பாவம் என்று யாருக்காவது உறைக்கிறதா?

சொல்லும் முறையும் முக்கியம். சாவான பாவம் என்றால் வகையும் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும். கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம், மூன்றும் சேர்ந்தால்தான் அது சாவான பாவம். 'கோபப்பட்டேன் சாமி' என்பதில் ஒன்றும் இல்லை. 'தம்பியோடு ஒரு வருடமாகப் பேசவில்லை, அவன் சமாதானத்துக்கு வந்தபோதும் கதவைச் சாத்தினேன்' என்றால் குருவுக்கு ஆலோசனை சொல்ல இடம் கிடைக்கிறது. மருமகள், மேலதிகாரி, பக்கத்து வீட்டுக்காரர் செய்த பாவங்களை அங்கே கொண்டுபோக வேண்டாம், அவர்கள் பெயரும் வேண்டாம். மறந்துபோனதைப் பற்றிக் கலங்க வேண்டியதில்லை, அடுத்த முறை சொன்னால் போதும். தெரிந்தே ஒரு சாவான பாவத்தை மறைத்தால் சொன்னவை அனைத்துமே பாழ். வெட்கப்பட்டு மறைக்கக் காரணமும் இல்லை. கேட்டதை நீதிமன்றத்தில்கூடக் குரு வெளியிட முடியாது.

1973இல் வெளியான புதிய சடங்குமுறைப்படி பாவத்துக்கு ஈடாக நாம் செய்ய வேண்டிய செபம் அல்லது நற்செயலான பரிகாரத்தைக் குரு குறிப்பிடுகிறார், நாம் மனத்துயர் செபம் சொல்கிறோம், அவர் மன்னிப்பு வழங்குகிறார். பரிகாரத்தை நாம் வெளியே வந்துதான் செய்கிறோம். தொடக்கத் திருச்சபையில் கனமான பாவம் செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தவம் செய்து முடித்த பிறகே ஒப்புரவாக்கப்பட்டார்கள். இன்று மன்னிப்பு முன்னால் வந்துவிடுவதால், மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி அதை விலைக்கு வாங்கியதாக யாரும் எண்ணிக்கொள்ள வழியில்லை.

ஆனால் கிண்டல் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். மன்னிப்புக் கிடைத்ததால் கடன் தள்ளுபடி ஆகாது. முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடு என்றது மோசேயின் சட்டம் (எண்ணிக்கை 5:7). வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருவதாகச் சொன்னார், அதுவும் இயேசு அவர் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன பிறகு. எடுத்த பணத்தை உரியவரிடம் கொடுக்க வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம், யாரென்றே தெரியாவிட்டால் ஏழைகளிடம். பேரைக் கெடுத்திருந்தால், யாரிடம் அவதூறு சொன்னோமோ அவர்களிடமே போய் அது பொய் என்று சொல்ல வேண்டும். பணத்தை விடக் கடினம் இது. கொடுக்கும் எண்ணமே இல்லாமல் முழங்காலிட்டால் மனஸ்தாபம் இருப்பதாக யாரும் ஏற்க மாட்டார்கள்.

மன்னிக்கப்பட்ட பழைய பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள் ஆளுக்கொரு குருவைத் தேடி அலையாமல், ஒரே குருவிடம் போய் அவர் சொல்வதைக் கேட்பது நல்லது.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் வைத்த குறைந்தபட்ச வரம்பு. அதையே உச்சவரம்பாக எடுத்துக்கொண்டு பெரிய வெள்ளிக்கு முந்தைய நாட்களில் எல்லோரும் வரிசையில் நிற்பதால், ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைப்பதே அரிது. பங்குத்தந்தையர் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்தே வார நாள் பூசைக்கு அரை மணி முன்னதாக உட்கார்ந்தால் இந்த நெருக்கடி குறையும். தங்கள் நாளிதழும் தவக்கால நிகழ்ச்சிகளை வெளியிடும்போது, சிலுவைப்பாதை நேரத்தோடு பாவசங்கீர்த்தன நேரத்தையும் சேர்த்துப் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை