திட்டிட்டே படி, ஆனா முழுசா படி

டேய் மணி,

ஜூன்ல நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ அன்னைக்கே கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். ராத்திரி பதில் போடலாம், ஞாயித்துக்கிழம போடலாம்னு தள்ளித் தள்ளி அக்டோபர் வந்துருச்சு. திட்டணும்னா இங்கயே திட்டி முடிச்சுரு, ஏன்னா கீழ ஒரு வேலை கேக்கப்போறேன்.

வீட்ல எல்லாரும் சௌக்கியம். சின்னவனுக்குப் பல்லுக்குக் கம்பி மாட்டியாச்சு, பெரியவ காலேஜ் போயிட்டா, எனக்கு சுகர் பார்டர்ல நிக்குது, மாமியார் வந்து அஞ்சு மாசமாச்சு. அவ்வளவுதான் நியூஸ். மிச்சமெல்லாம் வண்டிதான்.

அதே 86 மாடல் டொயோட்டா பிக்கப். போட்டோ பாத்துட்டு "இது ஹைலக்ஸ் தானடா, பேரக் காணோமே"ன்னு கேட்டியே, ஊருலகமெல்லாம் ஹைலக்ஸ்னு விக்கறவன் அமெரிக்காவுக்கு மட்டும் அந்தப் பேர எழுபதுகள்லயே எடுத்துட்டான், இங்க இதுக்குப் பேரு வெறும் பிக்கப், பின்கதவுல டொயோட்டான்னு கொட்டை எழுத்துல இருக்கும், அதோட சரி. 22ஆர் இன்ஜின், 2.4 லிட்டர். அதே வருஷம் பெட்ரோல அளந்து பீச்சற இன்ஜெக்‌ஷன் வச்ச 22ஆர்ஈ-யும் வந்துச்சு, அத வாங்கியிருந்தா இந்த லெட்டரே கிடையாது. கார்புரேட்டர்ல பெட்ரோலும் காத்தும் கலக்கற வண்டின்னு சொன்னதும் உங்க பட்டறை ஞாபகம் வந்து வாங்கிட்டேன், அதனால பாதித் தப்பு உன்னோடது.

மே மாசம் ஆரம்பிச்சது. சிக்னல்ல நின்னா ஐடிலிங் நம்ம சேக்காளி வெள்ளை குடிச்சுட்டுப் பேசற மாதிரி ஏறி இறங்கும், திடீர்னு கத்தும், திடீர்னு உடம்பெல்லாம் நடுங்கி ஆஃப் ஆயிரும். கலிஃபோர்னியால இந்த ஃப்ரெஸ்னோ ஊரு வெயில் உனக்குத் தெரியாது, ஜூலைல நாப்பது டிகிரியத் தாண்டும், அந்த வெயில்ல முருங்கைக்குப் போட ஆட்டுப்புழுக்கை ஏத்திட்டு வரப்ப நடுரோட்டுல ரெண்டு தடவ நின்னுட்டான். பின்னாடி இருந்தவன் ஹார்ன் அடிக்கல, வாசம் வேற மாதிரி, கண்ணாடிய ஏத்திட்டு ஒதுங்கிப் போயிட்டான்.

சரி, புது கார்புரேட்டர் வாங்கி மாட்டிருவோம்னு இறங்கினேன் பாரு, அங்கதான் சனி.

டீலர்கிட்ட கேட்டேன். கவுண்டர்ல இருந்த பையன் இந்த வண்டி ஷோரூம்ல நின்னப்ப பொறந்தே இருக்க மாட்டான், கம்ப்யூட்டரத் தட்டிப் பாத்துட்டு கம்பெனில இது நின்னு போச்சுன்னுட்டான். அடுத்து ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடை. ரீபில்ட் பண்ணது இருக்குன்னான், முன்னூறு டாலர் சொச்சம், அதுக்கு மேல ஒரு டெபாசிட், நம்ம பழசக் கொண்டுபோய்க் குடுத்தாத்தான் அந்தக் காசு திரும்ப வரும். பழசக் குடுக்காம கைல வச்சுக்கிட்டேன், இந்த வருஷம் நான் பண்ண ஒரே புத்திசாலித்தனம் அதுதான். வந்தது பாத்தா நகைக்கடை சாமான் மாதிரி தங்கக் கலர்ல மின்னுது, மாட்டினா பெட்ரோல் கேஸ்கெட் வழியா ஒழுகுது. திருப்பிக் குடுத்தேன். ரெண்டாவது வந்தது ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு உள்ளது, லிங்கேஜே வேற, என்னுது மேனுவல். அப்புறம் ஜங்க்யார்டு. அங்க நம்மளே ஸ்பேனரோட போய்க் கழட்டிக்கலாம், மூணு சனிக்கிழம போனேன், கார்புரேட்டர் வச்ச பிக்கப் ஒண்ணே ஒண்ணுதான் கெடச்சுது, எவனோ எனக்கு முந்தி வந்து அத மட்டும் கழட்டிட்டுப் போயிருக்கான். நாலு ஸ்டட்டு மட்டும் நட்டுக்கிட்டு நின்னுச்சு.

இங்க யாரக் கேட்டாலும் ஒரே மருந்துதான் சொல்றான், வெபர் கார்புரேட்டர் போடு. வெபர் 32/36. ரெண்டு வாய், ஒண்ணு 32 மில்லிமீட்டர், இன்னொண்ணு 36, சின்னது முதல்ல திறக்கும், நல்லா மிதிச்சாத்தான் பெருசு திறக்கும். இத்தாலில போலோன்யாவுல ஆரம்பிச்ச கம்பெனி, பின்னாடி ஸ்பெயினுக்குப் போயிருச்சு. அத மாட்டினா பழைய வேக்யூம் ஹோஸ் காட்டையே புடுங்கி எறிஞ்சரலாம், வண்டியும் நல்லா இழுக்கும்ங்கறாங்க, பொய் இல்ல. ஆனா இது கலிஃபோர்னியா ராசா. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ புகை டெஸ்ட், அதுல புகைய மட்டும் பாக்க மாட்டான், பானெட்டத் தூக்கி கம்பெனி வச்ச ஹோஸ் எல்லாம் வச்ச இடத்துல இருக்கான்னும் பாப்பான். புகை சுத்தமா இருந்தாலும் சாமான் கொறஞ்சா ஃபெயில். வேற கார்புரேட்டர் போடணும்னா நம்ம வண்டி மாடலுக்குன்னே அரசாங்கம் விலக்கு நம்பர் குடுத்ததா இருக்கணும். 1975 வரைக்கும் உள்ள வண்டிக்கு டெஸ்டே கிடையாது, நம்மாளு பதினோரு வருஷம் லேட்டாப் பொறந்துட்டான். 35 வருஷம் தாண்டின வண்டிக்கெல்லாம் விலக்கு குடுங்கன்னு ஒரு மசோதா வந்துச்சு, டிவில ஜோக் சொல்லுவாரே ஜே லெனோ, அவரே நேர்ல போய்ப் பேசினாரு, ஆகஸ்ட்ல கமிட்டியிலயே படுத்துருச்சு. நூத்துக்கணக்குல கார் வச்சிருக்கறவர் பேச்சே எடுபடல, ஒத்த பிக்கப் வச்சிருக்கறவன் பேச்ச யாரு கேப்பா.

போன ஞாயித்துக்கிழமதான் புத்தி வந்துச்சு. இன்ஜின ஓடவிட்டு, கார்ப் கிளீனர, ஆக்ஸிலேட்டர் மிதிச்சா திரும்புமே அந்த த்ராட்டில் ஷாஃப்ட் ரெண்டு முனையிலயும் லேசா அடிச்சேன். (மாமியார் ஜன்னல்ல நின்னு பாத்துட்டு நெருப்பு நெருப்புன்னு கத்தறாங்க, அவங்க சொன்னதும் நியாயம்தான்.) அடிச்ச செகண்டே ஐடிலிங் மாறுது. உடனே கழட்டிட்டேன். ஹோஸ் ஒவ்வொண்ணுக்கும் டேப் ஒட்டி அ, ஆ, இ, ஈன்னு எழுதிட்டு வந்தா ஔ வரைக்கும் போயும் தீரல, க-வுல ஆரம்பிச்சு த-வுலதான் முடிஞ்சுது. பத்தொம்பது ஹோஸ்டா.

கைல எடுத்து ஷாஃப்ட மேலயும் கீழயும் ஆட்டினா டக் டக்னு சத்தம் கேக்குது. முப்பத்தொம்பது வருஷமா ஸ்பிரிங் ஒரே பக்கமா இழுத்து இழுத்து ஓட்டை முட்டை மாதிரி ஆயிருக்கு. அந்த சந்துல காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது, பெட்ரோல் கணக்கு கெடுது, நான் பெட்ரோல் வர்ற ஜெட்டக் கழுவி டயாஃப்ரம் மாத்தி ஃப்ளோட்டு மட்டம் பாத்து என்ன புண்ணியம். முன்னாடி பக்கம் சின்னதா ஒரு கண்ணாடி இருக்கும்டா, டார்ச் அடிச்சா பெட்ரோல் மட்டம் நடுவுல நிக்கறது தெரியும், அத தினம் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு நம்பிட்டு இருந்திருக்கேன். ரெண்டாவதா வந்த அந்த ரீபில்ட்லயும் இதே ஆட்டம் இருந்துச்சு, இப்பத்தான் ஒறைக்குது. கிட்டுல கேஸ்கெட் வரும், ஊசி வரும், டயாஃப்ரம் வரும், ஷாஃப்ட் சுத்தற ஓட்டைக்குள்ள எறக்கற புஷ் வராது. ஓட்டைய வட்டமா ரீம் பண்ணிப் பெருசாக்கி புஷ் எறக்கணும்னா ஒரு ஆளு லேத்து முன்னாடி நிக்கணும். இங்க ஒரு மெஷின் ஷாப்ல கேட்டேன், ஒத்த பீஸுக்கு செட்டிங் போட மாட்டேன்னுட்டான்.

அப்ப உங்கப்பா ஞாபகம் வந்துச்சு. யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கோட மிக்குனி கார்புரேட்டர் ஜெட்டுல நான் கிளட்ச் ஒயர் இழைய விட்டுக் குத்தினப்ப பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் பறந்து வந்துச்சே. "ஊதுடா, குத்தாத, ஓட்டை பெருசானா யாரு உங்கொப்பனா அடைப்பான்." இப்பவும் வாயாலதான்டா ஊதறேன், வாயெல்லாம் பெட்ரோல்.

சரி, ஜூன் மெசேஜுக்கு வரேன். 2020-ல பிஎஸ் 6 புகை ரூல் வந்ததுக்கப்புறம் புது வண்டியெல்லாம் இன்ஜெக்‌ஷன், கார்புரேட்டர் வேலை மாசத்துக்கு நாலு வந்தா பெருசு, லேத்த எடைக்குப் போட்டுரலாம்னு இருக்கேன்னு சொன்ன. அதச் சொல்லிட்டு நீ சிரிச்ச. அந்தச் சிரிப்புக்குத்தான் பதில் போட முடியல எனக்கு. மூடாதடான்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு, கடை வாடகை நான் கட்டறனா, கரண்ட் பில்லு நான் கட்டறனா. போட்டுருன்னும் வாய் வரல, அந்த லேத்துக்கு அடியிலதான நாம ப்ளஸ் டூ படிச்சோம். என்ன சொல்றதுன்னு தெரியாம நாலு மாசம் பேசாம இருந்துட்டேன். தப்புதான்.

இப்பவும் மூடாதன்னு சொல்ல வரல. வித்தாச்சுன்னா வித்தாச்சுன்னு சொல்லு. இன்னும் விக்கலேன்னா எனக்கு ரெண்டு கன்மெட்டல் புஷ் போட்டுக் குடுத்துட்டு அப்புறம் வித்துக்க.

கார்புரேட்டர் அடிபாகத்த மட்டும் தனியாப் பிரிச்சுட்டேன், மாமியார் நவம்பர் 18 ஊருக்குக் கெளம்பறாங்க, அவங்க பெட்டியில வரும். பெட்ரோல் வாசம் இருந்தா ஏர்போர்ட்ல எடுத்து வெளிய வச்சுருவான், அதனால பழைய இட்லிக் குண்டான்ல எலுமிச்சம்பழம் புழிஞ்சு தண்ணியோட கொதிக்க வச்சேன், புதுசு மாதிரி ஆயிருச்சு. ரொம்ப நேரம் விட்டா அலுமினியம் கருத்துரும்னு பாதியில எடுத்துட்டேன். குண்டான் பழசுன்னு நான் நினைச்சது தப்பாம், அது பத்தி வீட்ல தனியாப் பேச்சுவார்த்தை நடந்துட்டு இருக்கு. ஷாஃப்ட்டும் கூடவே வைக்கறேன், தேயாத எடத்துல எட்டு மில்லிமீட்டர் வருது, தேஞ்ச எடத்துல 7.8, என் காலிப்பர நம்பாத, நீ அளந்துக்க. ஷாஃப்ட்டே புதுசா கடையறதா, தேஞ்சதுக்குத் தக்க புஷ் போடறதான்னு நீயே முடிவு பண்ணு. ஷாஃப்ட்டுல காத்த அடைக்கற தகடு, அந்த பட்டர்ஃப்ளை ஸ்க்ரூ ரெண்டும் பின்னாடி அடிச்சு மடக்கியிருந்துச்சு, ஃபைல் போட்டுத்தான் எடுத்தேன், முறுக்கினா ஒடிஞ்சுரும்.

கூலி வாங்கணும். வேண்டாம்னு சொன்னா அடுத்த பீஸ் வேற யாருகிட்டயாவது போகும். ஆமா, அடுத்த பீஸ். ஜங்க்யார்டுல பழக்கமான ஒரு மெக்சிகோக்காரர் இதே வண்டி, இதே டக் டக், வந்ததும் காட்டுங்கறாரு.

மாமியார்கிட்ட அது என்னன்னு இன்னும் சொல்லல. மிக்ஸி பார்ட்டுன்னு நினைச்சுட்டு இருக்காங்க. நீ வாங்கப் போறப்ப அப்படியே பேசிக்க.

உன்
சீனு