இரும்புப் பாலத்து ஊரில் ஒரு நாள் நடை

அன்புள்ள முருகேசா,

நலம்தானே? மகளுக்கு வரன் முடிவானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாள் குறித்ததும் உடனே எழுது, டிக்கெட் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். பவுண்டரியில் இரும்பு உருக்கும் பழைய குபோலா உலையை எடுத்துவிட்டு மின்சாரத்தில் ஓடும் இண்டக்‌ஷன் உலை வைக்கப் போவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து, அண்மையில் நான் போய்வந்த இடத்தைப் பற்றி உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று இருக்கிறது.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்கு வடமேற்கே, ஷ்ரோப்ஷயர் மாவட்டத்தில் செவர்ன் ஆற்றங்கரையில் அயர்ன்பிரிட்ஜ் என்று ஒரு கிராமம். வார்ப்பிரும்பில் கட்டிய முதல் பெரிய பாலம் அங்கேதான் இருக்கிறது. 1779 கோடையில் தூக்கி நிறுத்தி, 1781 புத்தாண்டு அன்று திறந்தார்கள். 1934 முதல் வண்டிகளை விடுவதில்லை, நடந்துதான் போகவேண்டும். அது ரொம்ப நல்லது, நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

நான் முதலில் பக்கத்து ஊரான கோல்புரூக்டேலுக்குப் போய்விட்டு அங்கிருந்து நடந்தேன். நீ வந்தாலும் அப்படியே செய். முதல் ஆபிரகாம் டார்பியின் உலை அங்கே கண்ணாடிக் கூரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. 1709-ல் அவர் கோக் போட்டு இரும்பு உருக்கிக் காட்டிய உலை அது. அதுவரை மரக்கரிதான். நிலக்கரியை அப்படியே போட்டால் கந்தகம் ஏறி இரும்பு கெட்டுவிடும், அதனால் முன்கூட்டியே சுட்டுக் கோக்காக்கிப் போட்டார். மணல் அச்சில் சமையல் பானை வார்த்து விற்றவர் முருகேசா, பெரிய படிப்பாளி எல்லாம் இல்லை. உங்கள் குபோலாவில் இத்தனை வருஷம் கோக் எரிந்ததற்கு ஆரம்பம் அந்தச் செங்கல் குழிதான் என்று நினைத்தபோது எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அங்கிருந்து பாலத்துக்கு நடக்கக் கொஞ்ச நேரம்தான் ஆகும். எல்லோரும் வளைவின் அழகைப் படம் எடுக்கிறார்கள், நீ அடியில் போய் மூட்டுகளைப் பார்க்கவேண்டும். இரும்பை இரும்போடு எப்படிச் சேர்ப்பது என்று அன்றைக்கு யாருக்கும் வழக்கம் இல்லை, அதனால் தச்சு வேலைக்காரன் மரத்தில் செய்வதை அப்படியே வார்ப்பில் செய்திருக்கிறார்கள்: நாக்கு, துளை, புறாவால் வெட்டு, இறுக்க ஆப்பு. உன் அப்பா வார்ப்பு அச்சுக்கான பேட்டர்னைத் தேக்கில் செதுக்குவதைக் கல்லூரி விடுமுறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போமே, அந்தக் கை இதில் இருக்கிறது. ஏறக்குறைய 378 டன் இரும்பு, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் நூறு அடி அகலத்தைத் தாண்டுகிறது. 1795 வெள்ளத்தில் இந்த ஆற்றில் பல பாலங்கள் அடிபட்டன, இது நின்றது. அதற்குப் பிறகு பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு பக்கத்து பில்ட்வாஸில் இதைவிட அகலமான பாலத்தைப் பாதிக்கும் குறைந்த இரும்பில் கட்டினார். அதைச் சொல்லி இங்கே இரும்பை வீணடித்துவிட்டார்கள் என்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் ஆளுக்குக் கணக்கு யார் கொடுப்பார்கள்? பயத்துக்கும் சேர்த்து இரும்பு போட்டுத்தான் ஆகவேண்டும்.

வரைந்தவர் தாமஸ் பிரிச்சர்ட், பாலம் எழும் முன்பே 1777-ல் இறந்துபோனார். வார்த்துக் கட்டியவர் மூன்றாம் ஆபிரகாம் டார்பி, முதல் டார்பியின் பேரன். செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் போனபோது மிச்சத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, கடனோடேயே வாழ்ந்து நாற்பது வயது ஆகும் முன்பே போய்விட்டார். சொந்தப் பணத்தைப் போட்டு வேலையை முடித்துக் கொடுக்கிறவர்களை நமக்கும் தெரியும், அதனால்தான் அவரைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

தென்கரையில் சுங்கவீடு இருக்கிறது. அந்தக் காலத்துக் கட்டணப் பலகையைக் கட்டாயம் படி. இது தனியார் பாலம், ராணுவ வீரர் ஆனாலும் தபால் வண்டி ஆனாலும் ராஜ குடும்பமே ஆனாலும் காசு கொடுத்துத்தான் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் ஆற்றோரமாகவே கிழக்கே நடந்தேன். பெட்லாம் உலைகள் வழியிலேயே இடிபாடாக நிற்கின்றன, 1757-ல் கட்டியவை. இன்னும் போனால் கோல்போர்ட். அங்கே மலைச்சரிவில் தண்டவாளம் போட்டு, 207 அடி உயரத்துக்குப் படகுகளையே மேலே இழுத்திருக்கிறார்கள். கீழே ஆற்றில் ஒரு சின்ன நடைப்பாலம். முதல் உலகப் போரில் இறந்த ஊர்க்காரர்களுக்கு நினைவுத் தூண் வைக்காமல், 1922-ல் இரண்டு கரைக்கும் சேர்த்துப் பாலம் கட்டியிருக்கிறார்கள். 1799-ல் அதே இடத்தில் பீங்கான் ஆலை வேலையாட்களோடு படகு கவிழ்ந்து 28 பேர் இறந்திருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு, அந்தச் சின்னப் பாலம் எனக்குப் பெரியதைவிட மேலாகத் தெரிந்தது.

நீ வருவதாக இருந்தால் மே, ஜூனில் வா. குளிர்காலத்தில் செவர்ன் பொங்கிக் கரைச்சாலைக்கு வந்துவிடும். கல்யாணம் முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் வந்தால் நானே கூட்டிப் போகிறேன்.

ஒன்றே ஒன்று உன்னிடம் கேட்கவேண்டும். அந்தப் பாலத்தின் பெரிய விலாக்கள் ஒவ்வொன்றும் 70 அடி நீளம், 5 டன்னுக்கு மேல் எடை. திறந்த மணல் அச்சில் ஒரே துண்டாக வார்த்திருக்கிறார்கள். அவ்வளவு நீளத்துக்கு உலோகம் நடுவில் ஆறிப் போகாமல் ஓட வேண்டுமானால் எத்தனை இடத்தில் ஊற்றியிருப்பார்கள்? மோல்டிங் ஆட்களிடமும் கேட்டு எழுது.

அன்புடன்,
பாலு