கொலுசுக்கு ஜாமீன் இல்லை, குழந்தைக்கு உண்டு

உதகமண்டலம், குன்னூர், கூடலூர் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் தாலுகா ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுப்பவன் நான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று ஊருக்கெல்லாம் எழுதியாயிற்று. இந்த ஒரு மனு எனக்காக, குழந்தைக் கடத்தல் சட்டத்தில் ஒரு திருத்தம் கேட்டு.

போன மே மாதம் பேத்தியை ஊட்டி மலர்க் கண்காட்சிக்குக் கூட்டிப் போனோம். நாலு வயது. அந்த நாளில் பொட்டானிக்கல் கார்டன் வாசலில் எப்படிக் கூட்டம் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐஸ்கிரீம்காரரிடம் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம். முக்கால் மணி நேரம் அலைந்தோம். கிடைத்தபோது இந்தி பேசும் ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்தாள், கையில் பாதி கடித்த சோளக்கதிர். அழுதுகொண்டு நின்றவளை அந்தப் பெண்தான் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டிக் கேட்டிருக்கிறார். பாஷை புரியாதவர்கள் "பிள்ளை பிடிக்கிறவ" என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் முகத்தில் இருந்த பயம் எங்கள் பயத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

பிள்ளையை வாங்கியதும் என் மனைவியின் கை முதலில் போனது காலுக்கு. கொலுசு இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "புள்ள முகத்தைப் பார்க்காம கொலுசைத் தேடினேனே" என்றாள். விடு, சட்டமும் அப்படித்தான் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தூக்கம் வராமல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பாதுகாவலரின் பொறுப்பிலிருந்து ஒரு குழந்தையை அனுமதியில்லாமல் கொண்டுபோனால் பிரிவு 137. அதிகபட்சம் 7 ஆண்டு, கூடவே அபராதம். பிணையில் விடத்தக்க குற்றம், அதாவது ஜாமீன் பெறுவது பிடிபட்டவரின் உரிமை. 10 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை, அதன் மேலுள்ள பொருளைத் திருடும் நோக்கத்தில் தூக்கினால் பிரிவு 97. அதற்கும் 7 ஆண்டுதான். ஆனால் அது பிணையில் விட முடியாத குற்றம். ஆக, பேத்தியை மட்டும் தூக்கினால் ஜாமீன் உண்டு. கொலுசுக்காகத் தூக்கினால் நீதிபதி மனசு வைத்தால்தான். இரண்டு முறை படித்துப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது.

இது 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 363, 369 பிரிவுகளின் வாரிசு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்தபோது மாறியது வயது. முன்பு பையனுக்கு 16, பெண்ணுக்கு 18 என்றிருந்தது இப்போது இருவருக்கும் 18. சரி, நல்லதுதான். ஆனால் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தையும் பதினேழரை வயதுக் காதலியும் இன்னமும் ஒரே பிரிவில்தான் இருக்கிறார்கள். என் மேசைக்கு வரும் 137 வழக்குகளின் நகல்களில் பெரும்பாலானவை வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பிப் போன ஜோடிகளுடையவை. அந்தப் பையன்களை நினைத்தால் ஜாமீன் இருப்பது நியாயம். அதே கதவு வழியாகத்தான் தொட்டிலில் இருந்து தூக்கிப் போனவனும் வெளியே வருகிறான்.

கடுமையான பிரிவுகளே இல்லை என்று சொல்லவில்லை. பணம் கேட்டு மிரட்டினால் 140, ஆயுள் அல்லது மரண தண்டனை. பிச்சைக்கு என்றால் 139, குறைந்தது 10 ஆண்டு; முடமாக்கினால் குறைந்தது 20. ஆள் கடத்தல் வியாபாரம் என்றால் 143, குழந்தையாக இருந்தால் குறைந்தது 10. எல்லாம் எதற்காகத் தூக்கினான் என்பதைப் பொறுத்தது. அதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும்.

நம் மலையில் இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன நேரம், தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் விளையாடிய குழந்தையை ஒருவன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழே இறங்குகிறான். குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் போலீஸ் பிடித்துவிடுகிறது. யாருக்கும் போன் போகவில்லை, விலை பேசவில்லை, பிச்சைத் தட்டும் இல்லை. "அழுதுச்சு, பாவம்னு தூக்கினேன்" என்கிறான். 137-ஐத் தாண்டிப் போவதற்குக் கையில் என்ன இருக்கிறது? போலீஸ் சீக்கிரம் பிடித்ததே அவனுக்குச் சாதகம். கூடலூரில் என்றால் பிடிபடுவதற்குள் கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ போய்விடலாம், அது வேறு கதை.

ராத்திரி வீட்டை உடைத்துப் புகுந்து திருடினால் 14 ஆண்டு வரை தண்டனை உண்டு. அதாவது டி.வி.க்கு 14, பிள்ளைக்கு 7.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். வாட்ஸ்அப் வதந்தி. நம் தோட்டங்களில் இன்றைக்கு ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் கொழுந்து பறிக்கிறார்கள். வதந்தி வந்தால் முதல் அடி அவர்களுக்குத்தான். ஊட்டியில் துப்பட்டாவைப் பிடித்த ஆளிடம் "போலீஸைக் கூப்பிடலாமே" என்றேன். "நாளைக்கே வெளிய வந்துடுவாங்க சார்" என்றார். கையை ஓங்கியது தப்புதான். சொன்னது பொய்யில்லையே என்பதுதான் உறுத்துகிறது.

தண்டனைச் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது, அதாவது மத்திய அரசு போல மாநிலமும் அதில் சட்டம் இயற்றலாம். 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி உங்கள் அவையே திருத்த மசோதா நிறைவேற்றியது. அதே வழியில் இதையும் செய்யலாம். 10 வயதுக்குக் கீழ் என்ற கோட்டைச் சட்டமே கொலுசுக்காகப் போட்டு வைத்திருக்கிறது. அதைப் பிள்ளைக்காகவும் போடுங்கள். அந்த வயதுக் குழந்தையைக் கடத்தினால், நோக்கம் எதுவானாலும், பிணையில் விட முடியாத குற்றம், செஷன்ஸ் கோர்ட் விசாரணை, 7-க்கு மேல் தண்டனை. பிரிந்த தாய் தகப்பன் பிள்ளைக்காகப் போடும் சண்டையை இதில் இழுக்க வேண்டாம். வழிதவறிய குழந்தையை நல்லெண்ணத்தில் தூக்கிய அந்த ஊட்டிப் பெண்ணைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பாக ஒரு விளக்கமும் அதிலேயே வரட்டும்.

மசோதாவுக்கு ஒன்றரைப் பக்கம் போதும். ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். குன்னூர் உறுப்பினர் கோத்தகிரி வரும்போது ஆள் அனுப்பினால் போதும், மழை இல்லாத நாட்களில் சாயங்காலம் 4 மணி வரை அதே மேசையில் இருப்பேன். கொலுசைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள் என் மனைவி.

இப்படிக்கு,
கோத்தகிரி மனு எழுத்தர் ஒருவர்