கேதமும் கணக்கும்

காரைக்குடி

அன்பு மாப்பிள்ளை,

நலம்தானே? இங்கே இரண்டு நாள் நல்ல மழை. வளவு முற்றம் கழுவிவிட்டதுபோல் கிடக்கிறது. மேற்கு ஓட்டில்தான் ஒழுக்கு. கொத்தனார் வருகிறேன், வருகிறேன் என்கிறார்.

ஆத்தா போய் ஒரு வருஷம். திவசத்துக்கு முந்தின நாள் காலையில் போனைத் திறந்தால், போன வருஷம் நான் பேஸ்புக்கில் போட்ட ஆத்தா படத்தைச் சுற்றிப் பூவெல்லாம் தூவி, இனிய நினைவு என்று நீட்டுகிறது. அதற்குக் கீழேயே காசி யாத்திரை விளம்பரம். அப்புறம் ஆயுள் காப்பீடு.

துக்கக் கடிதாசி வந்தால் படித்த கையோடு கிழித்துப் போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? கேதம் கேட்க வந்தவர்களும் 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லாமலே எழுந்து போவார்கள். சின்ன வயதில் அதை மரியாதைக் குறைவென்று நினைத்திருக்கிறேன். இந்தப் போன் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த வழக்கத்தின் அருமை தெரிகிறது.

மகளிடம் புலம்பினேன். அவள் ஒன்று சொன்னாள். 2014 டிசம்பரில் பேஸ்புக் ஆண்டுத் தொகுப்பு என்று ஒன்று காட்டியதாம். அந்த வருஷம் மகளைப் பறிகொடுத்த ஓர் அமெரிக்கருக்கு அந்தக் குழந்தையின் படமே, ஆடிப்பாடும் பொம்மைகளுக்கு நடுவே வந்து நின்றிருக்கிறது. மன்னிப்புக் கேட்டார்கள். சரி, பிசகு என்று விடலாம். ஆனால் 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரை வைத்துச் சோதனை செய்தார்களே? சிலருக்கு நல்ல சேதியைக் குறைத்து, சிலருக்குச் சோகத்தைக் குறைத்து, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தார்கள். மாற்றம் துளிதான். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

2023இல் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனியின் வருமானம் 13,490 கோடி டாலர்; நூற்றுக்கு 97க்கு மேல் விளம்பரக் காசு. சிரித்தாலும் அழுதாலும் நாம் திரையில் இருந்தால் போதும் அவர்களுக்கு. வட்டிக்கடை வைத்த வம்சம் நாம், லாபத்தைக் குறை சொல்ல வாயில்லை. ஆனால் பர்மாவில் கடை போட்ட நம் ஐயாக்கள்கூட இழவு வீட்டு வாசலில் பேரேட்டை விரித்ததாகக் கேள்விப்பட்டதில்லை. (விரித்திருந்தால் நம்மிடம் சொல்லவா போகிறார்கள்!)

உன்னிடம் மறைப்பானேன், மலேசியாவிலிருக்கும் சித்தப்பா மகன் அந்தப் படத்துக்குக் கீழேதான் கேதம் கேட்டான். எத்தனை பேர் கேட்டார்கள் என்று அன்று ராத்திரி எண்ணியும் பார்த்தேன். படத்தை இன்னும் அழிக்கவில்லை.

பொங்கலுக்கு ஆச்சியையும் கூட்டிக்கொண்டு வா. வாசலில் கொத்தனார் குரல் கேட்கிறது, விட்டால் பிடிக்க முடியாது.

உன் பழைய பெஞ்சுத் தோழன்