மழைநீர் வடிகால் எங்கே போய் முடிகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்டா நகரங்களில் புதிதாகக் கட்டும் மழைநீர் வடிகால்கள் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தெந்தத் தெரு, எவ்வளவு நீளம், வேலை எப்போது முடியும் என்றெல்லாம் இருந்தது. அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழும் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. எங்கள் ஊரைப் பொறுத்தவரை நானே சொல்லிவிடுகிறேன், பாசன வாய்க்காலில்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி மெக்கானிக் ஷெட்டுகள், கறிக்கடை, டீக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் முன்னால் ஓடும் கான்கிரீட் வடிகால், பாசன வாய்க்காலின் கரையைக் குடைந்துகொண்டு போய் நேராக உள்ளே கொட்டுகிறது. நடுவில் ஒரு கம்பி வலைகூடக் கிடையாது. கோடை முழுக்க ரோட்டில் படிந்த ஆயில், டயர் தூசி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் முதல் மழைதான் மொத்தமாகக் கழுவிக்கொண்டு வரும், அந்த ஒரு மணி நேரத் தண்ணீர்தான் இருப்பதிலேயே மோசம். அன்றைக்கு மடை வாயில் நின்று பாருங்கள். மேலே வானவில் நிறத்தில் எண்ணெய் மிதக்கும், அதன் நடுவே தெர்மாகோல், பேப்பர் கப், மருந்து அட்டை. அடியில் வருவது கண்ணுக்குத் தெரியாது, வயலில் இறங்கி உடைந்த பாட்டிலை மிதித்தால்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் சிலர் மடையில் பழைய மீன்வலையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். வடிகால் கட்டியவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது. அப்புறம், சித்திரை வெயிலிலும் அந்த வடிகாலில் தண்ணீர் ஓடுகிறது. எத்தனை வீட்டு செப்டிக் டேங்க் குழாய் அதில் சேர்ந்திருக்கிறது என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

சரி, ஊராவது வடிகிறதா என்றால் அதுவும் இல்லை. இங்கே நிலம் தட்டை. ஐப்பசியில் வாய்க்கால் கரைதொட்டு ஓடும்போது வடிகாலின் வாய் முழுகிவிடும், தண்ணீர் வந்த வழியே தெருவுக்குத் திரும்பும். லெவல் எடுத்துப் பார்த்த எந்த ஓவர்சீயருக்கும் இது தெரிந்திருக்கும். ஆனால் வடிகால் ஒரு துறை, வாய்க்கால் ஒரு துறை, இரண்டும் சேருகிற இடம் யாருடைய பொறுப்பும் இல்லை. வருஷாவருஷம் மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வாய்க்காலைத் தூர்வாரப் பணம் ஒதுக்குகிறார்கள், அள்ளுகிற சேற்றில் பாதி ஊருக்குள்ளிருந்து நாமே அனுப்பியதுதான்.

என் தங்கை மகன் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் இருக்கிறான். அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உறையும் பனி உருக உப்புக் கொட்டுகிறார்கள், அது கரைந்து ஏரிக்கும் ஓடைக்கும் போகிறது. ஒரு டீஸ்பூன் உப்பு 5 கேலன் (சுமார் 19 லிட்டர்) தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று அந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்கிறதாம். தண்ணீரைக் குட்டையில் தேக்கி வைத்தாலும் கரைந்த உப்பு அடியில் படியாது, செடியும் மண்ணும் அதைப் பிடித்து வைக்காது, அதனால் கொட்டுவதைக் குறைப்பதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. பனி விழுவதற்கு முன்பே உப்புக் கரைசலாகத் தெளித்துவிட்டால் கொஞ்சம் உப்பே போதும் என்று அதைச் செய்கிறார்கள். நம் வடிகாலில் வருவதோ பெரும்பாலும் மிதக்கிறது, இல்லையென்றால் அடியில் தங்குகிறது. தடுத்து நிறுத்தச் சுலபமானது நம்முடையதுதான், நாம்தான் சும்மா இருக்கிறோம்.

இதற்கு வெளிநாட்டு இன்ஜினியர் யாரும் வர வேண்டாம். தஞ்சாவூரில் அந்தக் காலத்திலேயே மழைத்தண்ணீரைச் சேவப்பநாயக்கன் ஏரியில் நிறுத்தி, வண்டல் படிந்தபிறகு தெளிந்ததைச் சிவகங்கைக் குளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வடிகால் போய் வாய்க்காலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு குட்டை, அதன் வாயில் ஒரு வலை, வருஷத்துக்கு ஒருமுறை சேறு அள்ள ஒரு வழி. நான் கேட்பது இவ்வளவுதான். இடமில்லை என்பார்கள். வரத்து அடைபட்டு வெங்காயத்தாமரை மண்டிக் கிடக்கும் குளங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. செப்டிக் டேங்க் குழாய்களை அடைத்துவிட்டு, குட்டையில் தெளிந்த மழைநீரை அங்கே திருப்பினால் நிலத்தடி நீராவது ஏறும். கடலோரத்தில் இது இன்னும் முக்கியம். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் ஆற்றில் நல்ல தண்ணீர் வரத்து குறைந்தால் கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிறது, நிலத்தடியிலும் அப்படித்தான்.

இன்னொன்று. வடிகாலுக்கு மேலே ஸ்லாப் போட்டு, சந்து தெரியாமல் பூசிவிடுகிறார்கள், அதன் மேல் கடைக்காரர்கள் படி கட்டிவிடுகிறார்கள். அடைத்துக்கொண்டால் திறக்க வழியில்லை. அது தனிக் கதை, இன்னொரு கடிதம் எழுதலாம்.

உங்கள் நிருபர் மறுபடி வடிகால் பற்றி எழுதப்போனால், தெருவில் நின்று படம் எடுப்பதோடு நிறுத்தாமல், அது முடிகிற இடம் வரை நடந்து போய்ப் பார்க்கட்டும். வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் போனால் நல்லது, தண்ணீர் வந்துவிட்டால் எல்லாம் முழுகிவிடும், ஒன்றும் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவாரூர் மாவட்டம்