ஒட்டடையைப் பரிசோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னைக் காற்றைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் இருந்த எண்கள் மணலியில் உள்ள கண்காணிப்புக் கருவியுடையவை. எர்ணாவூரில் எங்கள் தெருவில் என்ன இறங்குகிறது என்பதற்கு என்னிடம் இருப்பது ஒட்டடைக்குச்சி மட்டும்தான்.

போகிக்கு முன்பு ஒட்டடை அடித்தேன். மாடிப்படிக்கு அடியில், மழை படாத மூலையில், நீளக்கால் சிலந்தி கட்டிய வலை கரிக்கயிறு மாதிரி தொங்கியது. தாம்பரத்தில் தங்கை வீட்டிலும் அதே சிலந்திதான். அங்கே ஒட்டடை வெறும் சாம்பல் நிறம். (போகியன்று டயர் கொளுத்தும் நம் பெருமை தனிக் கதை.)

சிலந்தி வலையில் படிந்த ஈயம், துத்தநாகம் போன்றவற்றை ஆய்வகத்தில் அளப்பது வெளிநாடுகளில் பழகிய முறை. தூசியைப் பிடிக்க வலைக்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் எந்த வலையும் ஆகாது. தோட்டத்தில் வட்டவலை பின்னும் சிலந்திகளில் பல, பழையதைத் தின்றுவிட்டு அடிக்கடி புதிது கட்டும். வீட்டு மூலைச் சிலந்தியின் வலை மாதக்கணக்கில் கிடக்கும். பழையதைத் துடைத்துவிட்டு, முப்பது நாள் கழித்துப் புது வலையைக் கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுத்தால் எத்தனை நாள் தூசி என்ற கணக்கும் கிடைத்துவிடும். நத்தையின் உடம்பிலும் காட்மியம் என்ற நச்சு உலோகம் சேரும். ஆனால் அது மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் வருவது என்று யாரும் தட்டிக்கழிக்கலாம்.

எனக்கு வேண்டியது, அது யாருடைய தூசி என்பது. புகார் சொல்லப் போனால் "லாரிப் புழுதிம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள். இருக்கட்டும், பார்த்துவிடலாமே. பிரேக்கும் டயரும் தேய்ந்த தூசியில் தாமிரமும் துத்தநாகமும் தூக்கலாக இருக்கும். ஆலைகளிலும் கப்பல்களிலும் எரிக்கும் கன எண்ணெய் என்றால் வனேடியம், நிக்கல் என்ற உலோகங்கள். அனல்மின் நிலையச் சாம்பலோ நுண்ணோக்கியில் குட்டிக் கண்ணாடி உருண்டைகளாகத் தெரியும். காற்றில் எவ்வளவு துகள் என்று மட்டும் காட்டும் கருவி இதையெல்லாம் பிரித்துச் சொல்லாது. மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிக மோசமாக மாசடைந்த பகுதிகளில் ஒன்றாக 2009-லேயே சேர்த்துவிட்டது. இன்னும் லாரியைத்தான் காட்டுகிறார்கள்.

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தினர் மலைத்தேனீக்களை வைத்துச் செய்த ஆய்வு 2020-ல் வெளியானது. மாசு கூடிய இடங்களில் பிடித்த தேனீக்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரு நாளுக்குள் செத்துப்போயின. அதைப் படித்ததிலிருந்து எங்கள் முருங்கைப் பூவில் தேனீ உட்கார்ந்தால் நின்று பார்க்கிறேன்.

எண்ணூர், கத்திவாக்கம், மணலி, தண்டையார்பேட்டை, கொடுங்கையூர் என்று வார்டு வாரியாக வலை சேகரிக்க, பக்கத்துக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்களே போதும். உலோகத்தை அளக்கும் செலவை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்க வேண்டும். முடிவுகளைத் தமிழில், தெருப் பெயரோடு வெளியிட வேண்டும்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலையை மட்டும் துடைத்து, தேதியைச் சுவரில் பென்சிலால் எழுதி விட்டிருக்கிறேன். யாராவது கேட்டு வரும்வரை அங்கே ஒட்டடைக்குச்சி போகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எர்ணாவூர், சென்னை.