அங்கே மேல்கம்பியில் எத்தனை வோல்ட்?

எடிசன், நியூ ஜெர்சி
மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே இருவரும் நலம். நீங்கள், அம்மா, தம்பி மூவரும் நலமா? உங்கள் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மா தன் பங்குக்கு ஏழெட்டுக் கேள்விகள் கேட்டிருக்கிறாள். நீங்கள் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: "அங்கே மேல்கம்பியில் எத்தனை வோல்ட்?" அந்த வரியை உங்கள் மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டினேன். தாம்பரத்தில் முப்பத்திரண்டு வருடம், ரயிலின் மேல்கம்பியைப் பழுதுபார்க்கிற டவர் வேகனில் ஏறி இறங்கியவர் வேறு எதைக் கேட்பார் என்றார்.

அம்மாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கறிவேப்பிலை ஓக் ட்ரீ ரோட்டில் கிடைக்கிறது, இருமல் போய்விட்டது, குளிர்தான் இன்னும் போகவில்லை. இனி இந்தக் கடிதம் உங்களுக்கு.

12,000 வோல்ட், அப்பா. அதுவும் 25 ஹெர்ட்ஸில். நம் பக்கம் 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆகியிருந்ததால், முதலில் நான்தான் ஏதோ தவறாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். தவறு இல்லை. பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற பழைய கம்பெனி 1930களில் போட்ட கம்பி இது. அந்தக் காலத்தில் ரயிலுக்கு 25 ஹெர்ட்ஸ் சரியென்று வைத்தார்கள். துணைமின் நிலையங்கள் எல்லாம் அதற்கென்றே கட்டப்பட்டதால் இன்றும் அப்படியே ஓடுகிறது. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் வரை மின்சார ரயில் 1935இல்தான் வந்தது. கடற்கரை–தாம்பரம் 1931. நம்முடையது நான்கு வருடம் மூத்தது. இதைப் படித்ததும் எழுந்து நின்று உங்களைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது; அங்கே அப்போது நள்ளிரவு.

தண்டவாளம் நம் அகலப்பாதையைவிடக் குறுகல்: 1,435 மில்லிமீட்டர், நம்முடையது 1,676. ஆனால் பெட்டிகள் சிறியவை அல்ல. இரண்டு அடுக்குப் பெட்டிகள் உண்டு. ஏறியதும் நான்கு படி இறங்கினால் கீழ்த்தளம், நான்கு படி ஏறினால் மேல்தளம். கம்பத்தில் எடைகளைத் தொங்கவிட்டுக் கம்பியை எப்போதும் ஒரே இழுவிசையில் வைத்திருப்பதை நீங்கள் பல்லாவரத்தில் எனக்குக் காட்டினீர்கள் அல்லவா? இந்தப் பாதையின் பழைய பகுதிகளில் அந்த எடைகள் இல்லை. கோடை வெயிலில் கம்பி தொய்ந்துவிடும், அதனால் வேகத்தைக் குறைத்து ஓட்டுவார்கள். இதைச் சொன்னால் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

பாதையும் கம்பியும் ஆம்ட்ராக் என்ற தேசிய நிறுவனத்துக்குச் சொந்தம். 1976இலிருந்து அவர்களிடம் இருக்கிறது. நான் போகிற புறநகர் வண்டிகளை ஓட்டுவது நியூ ஜெர்சி டிரான்ஸிட், மாநில அரசின் நிறுவனம். கம்பி ஒருவருடையது, வண்டி இன்னொருவருடையது. உங்கள் காலத்தில் இரண்டும் ஒரே குடையின் கீழ் இருந்தும் எத்தனை சண்டை!

இப்போது என் கதை. போன வருடம் முழுக்க நான் இதைப் பற்றி எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நீங்கள் கவலைப்படுவீர்கள்.

நாங்கள் இருப்பது எடிசன் ஸ்டேஷனிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில். மாப்பிள்ளையின் அலுவலகம் பிரின்ஸ்டன் பக்கம், ரூட் 1 நெடுஞ்சாலையின் மேல். பிரின்ஸ்டனுக்கும் ரயில் போகிறது. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்கினால் ஊருக்குள் போக 'டிங்கி' என்று ஒரு குட்டி ரயில்கூட இருக்கிறது, மொத்தம் நாலரைக் கிலோமீட்டருக்கும் குறைவான பாதை. ஆனால் அலுவலகங்களை எல்லாம் நெடுஞ்சாலையை நம்பிக் கட்டியிருக்கிறார்கள், ஸ்டேஷனை நம்பி அல்ல. இறங்கியபின் போக வழியில்லை. அதனால் அவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு வேலை அனுமதி வரவில்லை, ஓட்டுநர் உரிமமும் இல்லை. அந்த முதல் குளிர்காலம் நான் நான்கு சுவருக்குள் இருந்தேன், அப்பா. பக்கத்திலேயே ரயில் ஊதுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் கிளம்பிவிட்டேன். ஸ்டேஷனுக்கு நடந்து போய் வண்டிகளையாவது பார்ப்போம் என்று. வழியில் ரூட் 27ஐக் கடக்க வேண்டும். இது மாநில நெடுஞ்சாலை. வெள்ளை வட்டத்துக்குள் எண் எழுதிய பலகை இருந்தால் மாநிலத்துடையது என்று அடையாளம். பிரின்ஸ்டனிலிருந்து நியூவார்க் வரை போகிறது. அமெரிக்காவைக் குறுக்கே கடந்து சான் பிரான்சிஸ்கோ வரை போவதற்கென்று 1913இல் வகுத்த லிங்கன் ஹைவேயின் ஒரு துண்டு இது. எங்கள் பக்கத்தில் தெருப்பலகையில் இன்றும் லிங்கன் ஹைவே என்றே இருக்கிறது. இந்தச் சாலை ரயில் பாதையை ஒட்டியே போகிற அழகைப் பார்த்தபோது எனக்கு ஜி.எஸ்.டி. ரோடுதான் நினைவுக்கு வந்தது. குரோம்பேட்டையில் பஸ் ஜன்னலிலிருந்து ரயிலையும், ரயில் ஜன்னலிலிருந்து பஸ்ஸையும் பார்ப்போமே, அதைப்போல.

ஆனால் நடைபாதை பாதியில் நின்றுவிட்டது. ஒரு கடைவாசல் வரை சிமெண்ட் தளம், அதற்கப்புறம் புல். புல்லின் நடுவில் ஒற்றையடிப் பாதை! நம் வயல்வரப்பில் கால்பட்டுப் பட்டு விழுகிற அதே தடம். யாரோ நாள்தோறும் நடக்கிறார்கள். காரில் போகிற எவர் கண்ணிலும் அது படாது. நான் அதைப் பார்த்து நின்றேன். இந்த ஊரில் என்னைப்போல் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னது அந்தத் தடம்தான்.

பிறகு அவர்களைப் பார்த்தேன். விடியற்காலையில் உணவகச் சமையலறைக்கும் கிடங்குகளுக்கும் போகிறவர்கள். பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், கையில் மதியச் சாப்பாட்டுப் பை. பனி கொட்டிய மறுநாள், சாலையில் உள்ள பனியை வண்டிகள் வாரி ஓரத்தில் தள்ளிவிடும். அந்தப் பாதை இடுப்பளவு மேட்டுக்கு அடியில் போய்விடும். அப்போது அவர்கள் சாலையிலேயே இறங்கி நடப்பார்கள். அப்படி ஒரு காலையில் நான் கடக்கத் தயங்கி நின்றபோது, அம்மா வயதுள்ள ஒரு பெண் என் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டாள். அவளுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவள் மொழி தெரியாது. இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். அதை என் தோளைத் திருப்பி அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

உங்களிடம் நான் வாங்கிய அடிகளில் ஒன்று, தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் படிக்கட்டு ஏறச் சோம்பல்பட்டுத் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்ததற்காக. அன்று நீங்கள் மறுவார்த்தை பேசாமல் என்னை அடித்துவிட்டு, இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள். தண்டவாளத்திலிருந்து எத்தனை பேரை நீங்கள் தூக்கியிருப்பீர்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அதனால் நம் ஊர்ப் பெருமை பேசுவதற்காக இதை எழுதவில்லை. நம் ஊரிலும் நடக்கிறவன் உயிருக்கு விலை குறைவுதான். ஒரே ஒரு வேறுபாடு: தாம்பரம் ஸ்டேஷனை விட்டு வெளியே கால் வைத்தால் பஸ் நிற்கும், பூக்காரம்மா இருப்பாள், ஷேர் ஆட்டோக்காரன் கூப்பிடுவான். ரயிலிலிருந்து இறங்கியவன் கால்நடையாக வருவான் என்று ஊர் எதிர்பார்க்கிறது. இங்கே பல ஸ்டேஷன்களுக்கு வெளியே கால் வைத்தால் கார் நிறுத்துமிடம்தான், கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

எங்களுக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி மெட்ரோபார்க் இருக்கிறது. 1971இல் கார்டன் ஸ்டேட் பார்க்வே சாலையை ஒட்டிக் கட்டியது. பெயரிலுள்ள 'பார்க்' பூங்கா அல்ல, வண்டியை நிறுத்துவது. நெடுஞ்சாலையில் வந்து, காரை விட்டுவிட்டு, ரயிலேறி நியூயார்க் போவதற்கென்றே பிறந்த இடம். அதற்கு நேர்மாறு நடுவிலுள்ள மெட்டச்சன். நான்கு பக்கமும் எடிசன் சூழ்ந்த சின்னஞ்சிறு ஊர். ஸ்டேஷனைவிட்டு இறங்கினால் கடைத்தெரு, புத்தகசாலை, தபால் நிலையம் எல்லாம் நடக்கிற தூரம். மாலையில் ரயில் வந்ததும் ஐம்பது அறுபது பேர் வீட்டுக்கு நடந்து போவதைப் பார்க்கலாம். சில சனிக்கிழமைகளில் அதைப் பார்ப்பதற்காகவே அங்கே இறங்கி ஒரு காபி குடிப்பேன்.

கார் இல்லாமல் இங்கே எதுவும் நடக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். பாதி உண்மை. ரயில் நியூயார்க்கை நோக்கித்தான் போகும், ஊருக்கும் ஊருக்கும் குறுக்கே போகாது. என் தோழி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், ரூட் 18 பக்கம் இருக்கிறாள். காரில் அரை மணிக்குள் போய்விடலாம். அவள் ஊரில் ஸ்டேஷனே இல்லை. அவள் கணவர் நெடுஞ்சாலையோரம் நின்று பஸ் பிடித்துத்தான் நியூயார்க் போகிறார். பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கும் அப்படித்தான், சாலை வழியே தவிர வேறு வழியில்லை. அதனால் நானும் கார் ஓட்டக் கற்று உரிமம் வாங்கிவிட்டேன். இங்கே பல சாலைகளில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் வலப்பக்கம் பிரிந்து, ஜாடியின் கைப்பிடிபோல் வளைந்து வந்து, சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். பழக ஒரு மாதம் ஆயிற்று.

ஆனாலும் வேலைக்கு ரயிலில்தான் போகிறேன். நவம்பரில் அனுமதி வந்தது, நியூவார்க்கில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். மாதச் சீசன் டிக்கெட். நடத்துநர் டிக்கெட்டைப் பார்த்ததும் இருக்கையின் தலைப்பில் ஒரு காகிதச் சீட்டைச் செருகிவிட்டுப் போவார், மறுபடி கேட்க மாட்டார். சில ஸ்டேஷன்களில் கார் நிறுத்த அனுமதி வாங்குவதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்களாம். எனக்கு அந்தத் தொல்லை இல்லை, என் கால்கள் இருக்கின்றன.

நியூவார்க்கைத் தாண்டிய பாதையையும் நீங்கள் பார்க்க வேண்டும். ஹாக்கென்சாக் ஆற்றின் மேல் 1910இல் கட்டிய சுழல் பாலம்; நம் பாம்பன் பழைய பாலத்தில் கப்பலுக்காகக் கதவு தூக்குவார்களே, இது பக்கவாட்டில் திரும்பும். திரும்பிய பாலம் சில நேரம் சரியாகப் பொருந்தாமல் நின்றுவிடும், சம்மட்டியால் அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே 2022இல் புதுப்பாலம் கட்டத் தொடங்கினார்கள். அதற்கப்பால் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் இரண்டு சுரங்கக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரே பாதை, அவையும் 1910. 2012 புயலில் கடல்நீர் உள்ளே புகுந்தது. அந்த உப்பு இன்னும் சுவரையும் கேபிளையும் தின்றுகொண்டிருக்கிறது. நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க் பென் ஸ்டேஷனுக்குப் போகிற எல்லா வண்டிகளும் அந்த இரண்டு குழாய்களை நம்பித்தான் இருக்கின்றன.

இன்னொன்று. போன மாதம் நகர மன்றக் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். யார் வேண்டுமானாலும் எழுந்து சில நிமிடம் பேசலாம். அந்த ஒற்றையடிப் பாதையைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அந்த இடத்தில் ஒரு நடைபாதையும், கடப்பதற்கு ஒரு விளக்கும் வேண்டும் என்றேன். கை நடுங்கியது. பொறுமையாகக் கேட்டார்கள். அது மாநிலச் சாலை என்பதால் ஊர் மட்டும் முடிவெடுக்க முடியாது, மாநிலம் ஆய்வு செய்து ஒப்புக்கொள்ள வேண்டும், எழுதி அனுப்புகிறோம் என்றார்கள். வெளியே வந்ததும் இரண்டு பேர் என்னிடம் வந்து, தாங்களும் அந்த வழியில் நடப்பவர்கள் என்றார்கள். அடுத்த கூட்டத்துக்கு மூன்று பேராகப் போகிறோம்.

மே மாதம் நீங்களும் அம்மாவும் வரும்போது உங்களைக் கூட்டிப் போக ஓர் இடம் குறித்து வைத்திருக்கிறேன். ரூட் 27ஐ ஒட்டி மென்லோ பார்க். எடிசன் மின்விளக்கை எரிய வைத்த இடம். 1954 வரை ராரிட்டன் என்றிருந்த ஊருக்கு அவர் பெயரை வைத்ததே அதனால்தான். உச்சியில் பெரிய பல்பு வைத்த கோபுரம் ஒன்று அங்கே நிற்கிறது. 1880இல் அவர் அங்கே ஒரு சின்ன மின்சார ரயிலையும் ஓட்டிப் பார்த்திருக்கிறார், அப்பா. விளக்கு எரிந்த அடுத்த வருடமே ரயில்.

நல்ல காலணியாக எடுத்து வாருங்கள். இதனுடன் கால அட்டவணையை அச்சிட்டு மடித்து வைத்திருக்கிறேன். காலையில் நான் ஏறுகிற வண்டியையும் மாலையில் இறங்குகிற வண்டியையும் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். அங்கே மணி எத்தனை என்று அம்மாவுக்குக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்